வீட்டு எரிபொருளுக்கு ஒரு கரியமிலக் கணக்கு

பேரேடு எழுதியே காலம் தள்ளியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் எரியும் பெட்ரோல், டீசல், கேஸ் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். பணக் கணக்கில்லை; எவ்வளவு கரியமில வாயு வெளியே போகிறது என்ற கணக்கு.

எழுத வேண்டியது எரிந்த எரிபொருளின் அளவு. ஓடிய கிலோமீட்டரை வைத்துப் போட்டால் மைலேஜை ஊகிக்க வேண்டிவரும். கம்பெனி சொல்லும் மைலேஜ் ஒன்று, நெரிசலில் ஊர்ந்தால் கிடைப்பது வேறொன்று. கொடுத்த பணத்தை வைத்துப் போட்டாலோ, விலை ஏறும்போது புகையும் ஏறியதாகக் காட்டும். பங்க் ரசீதில் லிட்டர் இருக்கிறது, அது போதும்.

பெருக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஒரு லிட்டர் எரிந்தால் வரும் கரியமில வாயு: பெட்ரோல் 2.3 கிலோ, டீசல் 2.7, மண்ணெண்ணெய் 2.5. கேஸுக்கு மட்டும் எடைக் கணக்கு: கிலோவுக்கு 3 கிலோ.

"ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான், அதிலிருந்து ரெண்டு கிலோவுக்கு மேல எப்படி வரும் பாட்டி?" என்று பேத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி. பாக்கி எடை காற்றிலிருந்து வருகிறது. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 பங்கு எடையுள்ள கார்பன் 44 பங்கு வாயுவாகிறது. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனைப் பாருங்கள்: 44 கிராம் எரிந்தால் 132 கிராம், கணக்காக மூன்று மடங்கு. கூடவே இருக்கும் பியூட்டேனும் மூன்றை ஒட்டித்தான் வரும்.

வண்டிக்கு, மாத ஆரம்பத்தில் டேங்கை நிரப்புங்கள். பம்ப் தானாக 'டக்'கென்று நிற்கும் இடத்தோடு விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் திணிக்கக் கூடாது. அடுத்த மாத ஆரம்பத்திலும் அப்படியே நிரப்புங்கள். நடுவில் போட்டதும் இப்போது நிரப்பியதும் சேர்ந்ததுதான் எரிந்த அளவு. ஜெனரேட்டருக்கும் இதே வழி.

சிலிண்டரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாற்றிய மாதத்தில் முழுச் சிலிண்டரையும் ஏற்றிவிட்டு அடுத்த மாதம் பூஜ்யம் போட்டால், பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எடை போடுவதே சரி. அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நேராக நிமிர்த்தியபடியே எடை மேடையில் வையுங்கள். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைக் கழித்தால் மிச்சமுள்ள கேஸ். பிறகு பழைய கணக்குப்பிள்ளை வேலைதான்: ஆரம்ப இருப்பு, கூட்டு வரவு, கழி இறுதி இருப்பு.

உதாரணமாக, மாதம் 31 லிட்டர் பெட்ரோல் என்றால் 71.3 கிலோ. கேஸ் 9.6 கிலோ என்றால் 28.8. ஆக 100.1 கிலோ. வாயுவாகப் பார்த்தால் இது 50 கன மீட்டருக்கு மேல், ஒரு நல்ல அறை கொள்ளும் அளவு.

எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் கொஞ்சம் கவனம். 20 சதவீதக் கலப்பில் பெட்ரோல் 0.8 லிட்டர்தான், லிட்டருக்கு 1.84 கிலோ என்று போடுங்கள். எத்தனாலும் எரிந்தால் கரியமில வாயு தரும், லிட்டருக்கு 1.5 கிலோ அளவில். ஆனால் அந்தக் கார்பன் பயிர் காற்றிலிருந்து எடுத்தது என்பதால் பெட்ரோலியக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் அதைப் பக்கத்தில் தனிப் பத்தியில் எழுதுகிறேன், மறைப்பானேன்?

கச்சா எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, கொண்டுவருவதிலும் வாயு வெளியாகிறது. இந்த எண்களில் அது அடங்காது. இதே நோட்டில் கலக்காதீர்கள், கூட்டுத்தொகை குழம்பிவிடும். மின்சாரமும் பஸ் பயணமும் அப்படியே. மெழுகுவத்திகூடப் பெட்ரோலிய மெழுகுதான், ஆனால் எப்போதோ ஏற்றுவதற்காக நான் மெனக்கெடுவதில்லை.

ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். குளிரும் பள்ளி விடுமுறையும் எண்களை இழுத்துவிடும். அதற்காகவே கடைசிப் பத்தியில் 'விருந்தாளிகள்', 'வண்டி சர்வீஸ்' என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கிறேன்.