ஆர்கிட் பூக்க மறுக்கிறதா? மார்கழிக் குளிரைக் காட்டுங்கள்

பூவோடு வாங்கி வந்த ஆர்கிட், அந்தப் பூ கொட்டியதும் இலை மட்டும் விட்டுக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா நிற்கும். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றது. பட்டாம்பூச்சி மாதிரி அகலமான பூ விடுமே, அந்த ஃபெலனாப்சிஸைச் சொல்கிறேன்.

முதலில் இலையைப் பாருங்கள். நல்ல கரும்பச்சையாக இருந்தால் செழிப்பு என்று நினைப்போம், ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இலை கொஞ்சம் வெளிறின பச்சையாக இருக்க வேண்டும். கிழக்கு ஜன்னல்தான் சரியான இடம். காலை இளவெயில் படலாம், வெயில் ஏறினதும் மெல்லிய திரையை இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் இலை கருகிவிடும்.

அடுத்தது குளிர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 28 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை இந்தச் செடி இலையும் வேரும்தான் விடும், பூந்தண்டு கிளம்ப 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நாலைந்து வாரம் இருந்தாக வேண்டும். பாண்டியில் அந்தக் குளிர் எப்போது கிடைக்கும்? மழை ஓய்ந்து மார்கழி, தை இரவுகளில் 21 டிகிரி வரை இறங்குகிறதே, அப்போதுதான். அந்த இரண்டு மாதமும் ராத்திரி ஜன்னலைத் திறந்தே வையுங்கள் (கொசுவலை இருந்தால் நல்லது), பகலில் வீட்டிலேயே குளுமையான, ஆனால் வெளிச்சமுள்ள அறைக்கு மாற்றுங்கள். பகலில் ஏசி ஓடும் அறை இருந்தால் இன்னும் நல்லது, ஏசிக் காற்று நேராகச் செடியில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் வேர் சொல்வதைக் கேளுங்கள். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் தொடவே வேண்டாம். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு, வேரின் நுனி கருகும். நான் ஐப்பசி, கார்த்திகை மழையை மொட்டை மாடியில் டிரம்மில் பிடித்து, கொசு போகாதபடி மூடி வைத்துக்கொள்கிறேன். மண்ணில் நடாதீர்கள், கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராமுக்கு மிகாமல் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடுங்கள்.

தையில் இலை இடுக்கிலிருந்து ஏதோ எட்டிப் பார்க்கும். நுனி உருண்டு வழவழவென்று இருந்தால் அது வேர். கொஞ்சம் தட்டையாக, கையுறையின் விரல்நுனி போல மடிப்போடு இருந்தால் பூந்தண்டு! அதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் தொட்டியை இடம் மாற்றவோ திருப்பவோ கூடாது, தண்டு வெளிச்சத்தைத் தேடிக் கோணிக்கொள்ளும், மொட்டும் உதிரலாம். பழக்கூடையையும் தள்ளி வையுங்கள், பழுக்கிற வாழைப்பழத்திலிருந்து வரும் வாயுவுக்கே மொட்டு வாடிவிடும்.

தண்டு வந்து பூ விரிய மூன்று மாதம் வரை ஆகும். எங்களுடையது பங்குனிக் கடைசியில் விரிந்தது, ஒரே தண்டில் ஏழு பூ.