கடற்குகையைப் படிப்பது எப்படி? ஃபிங்கல் குகையிலிருந்து தொடங்குவோம்

கடற்குகைக்குள் நுழைந்ததும் கண் சுவரின் நிறத்துக்குத்தான் ஓடும். பச்சையா, செம்பு, சிவப்பா, இரும்பு என்று உடனே தீர்ப்பும் சொல்லிவிடுவோம். இங்கே வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் பாறை, பிறகு விரிசல், அப்புறம் அலை. கனிமம் கடைசியில்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்டாஃபா தீவில் இருக்கும் ஃபிங்கல் குகையை எடுத்துக்கொள்வோம். 1772இல் இங்கிலாந்தின் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அதைப் பார்த்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் அதைக் கவனித்தது. உயரம் ஏறத்தாழ 20 மீட்டர், உள்நீளம் 70 மீட்டர். போக முடியாதவர்கள் இணையத்தில் நல்ல படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே முதல் மூன்று படிகளையும் பழகலாம்.

நேரில் எந்தக் குகைக்குப் போனாலும் தலைக்கவசம், டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு கத்தி, காந்தம், சொட்டுக்குப்பியில் வினிகர், நோட்டு ஆகியவை கையில் இருக்கட்டும். சுத்தியல் வேண்டாம். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே போய், ஏறத் தொடங்கும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

படி 1: வெளியே நின்று பாறையைப் பாருங்கள்

வாசலில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று செங்குத்துக் கரை முழுவதையும் பாருங்கள். ஸ்டாஃபாவில் மூன்று அடுக்குகள் தெரியும். அடியில் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, நடுவே நேராக நிற்கும் பசால்ட் தூண்கள், மேலே ஒழுங்கில்லாமல் நெளிந்த மெல்லிய தூண்கள். மேலிரண்டும் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறி இறுகியவை. குழம்பு ஆறும்போது சுருங்கும்; சுருங்கும்போது வெடிப்பு விழும். வெடிப்பு மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி இறங்க இறங்கத் தூண்கள் உருவாகின்றன. எல்லாத் தூணும் அறுகோணம் என்று நம்பிவிடாதீர்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்து பக்கம், ஏழு பக்கம் உள்ளவையும் கலந்தே இருக்கும்.

படி 2: பலவீனத்தைத் தேடுங்கள்

குகை ஏன் பத்தடி தள்ளி இல்லாமல் இந்த இடத்தில் இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குகையின் கூரையில் நடுக்கோட்டைப் பாருங்கள். பல குகைகளில் ஒரு விரிசலோ பிளவோ வாசலிலிருந்து உள்சுவர் வரை ஓடும். ஸ்டாஃபாவில் தூண்களுக்கு இடையிலுள்ள வெடிப்புகளே அலைக்கு வழிவிட்டன.

படி 3: அலை வேலை செய்யும் விதம்

தண்ணீர் மோதுவது மட்டுமே பாறையை உடைப்பதில்லை. அலை வந்து அடைக்கும்போது விரிசலுக்குள் காற்று சிக்கி அழுந்துகிறது. அலை பின்வாங்கியதும் சட்டென்று விரிகிறது. இது ஓயாமல் நடந்தால் கல் கழன்றுவிடும். கழன்ற கற்களை அலை உருட்டி அடிச்சுவரைத் தேய்க்கிறது. தரையில் உருண்டைக் கற்கள் கிடந்து, சுவரின் அடிப்பகுதி வழவழப்பாக இருந்தால் இந்தத் தேய்ப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் சில குகைகள் இன்றைய அலைக்கு எட்டாத உயரத்தில் வறண்டு கிடக்கின்றன. பனியுகப் பனிப்பாறைகளின் பாரம் நீங்கியதும் நிலம் மேலெழுந்ததால் வந்த நிலை அது.

படி 4: இப்போது கனிமம்

முதலில் உயிருள்ளவற்றைக் கழித்துவிடுங்கள். வாசலிலிருந்து உள்ளே போகப் போக மங்கி, வெளிச்சம் எட்டாத இடத்தில் மறைகிற பச்சை, பாசிதான். உயர்நீர் மட்டத்தை ஒட்டித் தார் பூசியதுபோல் தெரியும் கறுப்புப் பட்டை பெரும்பாலும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பாறையோடு ஒட்டிய இளஞ்சிவப்புப் பொருக்கு சுண்ணாம்புப் பாசி. இருட்டிலும் தொடர்கிற பழுப்புக் கறை இருந்தால், அப்போது இரும்பைச் சந்தேகிக்கலாம். பசால்ட்டில் இரும்பு நிறையவே உண்டு. அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தால் காந்தம் லேசாக ஒட்டவும் செய்யலாம்.

வெள்ளைப் பொருக்குதான் குழப்பும். சோதனையைச் சுவரில் செய்யாமல், எடுக்க அனுமதியுள்ள கரையில் உதிர்ந்து கிடக்கும் கல்லில் செய்யுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிட்டால் உப்பு. கரையாமல், நகத்தால் கீறினாலே கோடு விழுந்தால் ஜிப்சமாக இருக்கலாம். நகத்துக்கு மசியாமல் கத்திக்குக் கீறினால், அந்தத் தூளின் மேல் வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள். குட்டிக் குமிழிகள் எழுந்தால் கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம். குமிழி இல்லாமல், பசால்ட்டின் பழைய வாயுக் குழிகளை நிரப்பியிருந்தால் சியோலைட் என்ற கனிமமாக இருக்க வாய்ப்பு அதிகம். கத்திக்கும் கீறாவிட்டால் குவார்ட்ஸ். ஒட்டியிருக்கும் சிப்பித் துண்டும் குமிழி விடும், அதனால் முதலில் கல்லைக் கழுவிவிடுங்கள்.

ஃபிங்கல் குகையில் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். ஒடிந்த தூண்களின் அடிமுனைகள் தெரியும். அவற்றின் இடுக்குகளில் மஞ்சள் நிறப் படிவு கசிந்திருக்கும். பேங்க்ஸ் அன்றே இதைக் குறித்திருக்கிறார். கரைந்த கனிமத்தைச் சுமந்து வெடிப்பு வழியே இறங்கிய நீர் விட்டுச்சென்ற படிவு அது. அதாவது படி 2இல் தேடிய விரிசல்தான் கனிமத்துக்கும் பாதை.

படி 5: பழக ஓர் இடம்

நம் பக்கத்தில் தூண் பாறையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கர்நாடகத்தின் மல்பே கரைக்கு அப்பாலுள்ள செயின்ட் மேரீஸ் தீவுகளுக்குப் போகலாம். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தோடு தொடர்புள்ள, சுமார் 8.8 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறை. இது பசால்ட் அல்ல, சிலிக்கா மிகுந்த வகை. குகையை எதிர்பார்க்காதீர்கள். இருபது தூண்களின் பக்கங்களை எண்ணி, அகலத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் படகு ஓடாது.