டிபிஎஃப் விளக்கும் இறங்கிப்போன மைலேஜும்

என்னுடையது பிஎஸ் 6 டீசல் கார். சென்னைக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டம்தான் அதிகம். லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்தது 12-க்கு இறங்கியது. அப்புறம் டிபிஎஃப், அதாவது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. சர்வீஸில் "ஹைவேயில் ஓட்டுங்க சார்" என்றார்கள். எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று காரின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் போனுக்கு அனுப்பும் ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி, புகைக்கரி அளவையும் எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் போனில் கவனித்தேன். ஃபில்டரில் கரி சேர்ந்ததும் இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி அதை எரிக்கிறது. மைலேஜ் போவது அங்கேதான். பாதியில் வண்டியை அணைத்தால் வேலை அரைகுறையாக நின்று, அடுத்த ஓட்டத்தில் மறுபடி டீசல் குடிக்கும். எரியாத டீசல் ஆயிலிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் உஷாராகுங்கள்.

கரி எரிந்துகொண்டிருப்பதை அடாப்டர் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சற்று உயரும், அந்த நேர மைலேஜ் சரியும், அணைத்த பிறகும் ஃபேன் இரையும்.

இப்போது அந்த அறிகுறி தெரிந்தால் வீட்டுக்குத் திரும்பாமல், வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி, 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓட்டி, வெப்பம் இறங்கிய பிறகுதான் நிறுத்துகிறேன். ஆயில் மாற்றும்போது சாம்பல் குறைந்த ரகம்தானா என்று டப்பாவைப் பார்த்துவிடுவேன். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் ஃபில்டரிலேயே தங்கிவிடும். டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் மைலேஜ் 15-ஐத் தாண்டுகிறது, ஏசி போட்டும்.