‘என் மேல் கோபம்’ என்றால் ஆன் போடாதீர்கள்

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தி.நகர் ஜவுளிக்கடைகளில் நின்று வேலை பார்க்கும் பெண்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இன் (in), ஆன் (on), அட் (at) என்ற சின்னச் சொற்கள்தான். தமிழில் பஸ்ஸில், ஆட்டோவில், மார்ச்சில் என்று ‘இல்’ ஒன்றே எல்லா வேலையும் பார்த்துவிடுகிறது.

வண்டியில் தொடங்குங்கள். உள்ளே எழுந்து நடக்க இடம் இருந்தால் ஆன்: ஆன் தி பஸ், ஆன் தி ட்ரெயின். ஆட்டோ, கார் மாதிரி உட்கார மட்டுமே முடிந்தால் இன். பைக்கில் மேலே ஏறி உட்காருகிறோம், அதனால் ஆன்.

நேரம் சுலபம். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன்.

உண்மையான சிக்கல் வேறு. போன மாதம் ஒரு பெண், ‘சூப்பர்வைசர் இஸ் ஆங்ரி ஆன் மீ’ என்றாள். பாவம், அவள் தமிழைச் சரியாகத்தான் மாற்றினாள். நமக்குக் கோபம் ‘மேல்’ வரும். ஆங்கிலத்தில் அது ஆங்ரி வித். கல்யாணமும் அப்படித்தான்: மேரீட் வித் இல்லை, மேரீட் டு. டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் விதி தேடாதீர்கள். இரண்டு சொல்லையும் ஒட்டி, ஒரே சொல்லாகப் படியுங்கள்: குட்அட், அஃப்ரெய்ட்ஆஃப், டிபெண்ட்ஆன். அந்தப் பெண் பழைய பில் புக்கின் பின் அட்டையில் இப்படி எழுதி, பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள். இப்போது ‘ஆங்ரி வித்’ யோசிக்காமல் வருகிறது.