ஆமைத் தொட்டி கழுவும் முறை: நான் தவறிய இடமும் சேர்த்து

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று நான்கு வருடமாக இருக்கிறது. உள்ளே ஒரு சிவப்புக் காது ஆமை. வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, இப்போது என் உள்ளங்கையையே மறைக்கிறது. "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஆச்சிதான் இன்று காலையில் அதற்குத் தீனி போடுகிறாள். அவள் கை தொட்டிக்குள் போய் வருவதைப் பார்த்த பிறகே சுத்தம் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

ஆமையின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பார்க்கவும் நன்றாகவே இருக்கும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நமக்குத்தான். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது இந்தக் கிருமி பிள்ளைகளுக்குப் பரவியதால்தான். அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வயதானவர்களும் கழுவும் இடத்துக்கு வர வேண்டாம். சமையலறையில் எதையும் கழுவாதீர்கள். எங்களுக்குப் புறவாசல் அங்கணம்தான் இடம். ஆச்சி இப்போது இடுக்கியால் தீனி போடுகிறாள், போட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள்.

தொட்டியில் திரும்ப ஊற்றுவதற்கு முதல் நாளே இரண்டு வாளித் தண்ணீர் பிடித்துத் திறந்து வையுங்கள். குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீரானாலும் குளோரின் கலந்துதான் வருகிறது. 24 மணி நேரம் திறந்திருந்தால் அது பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும்.

மறுநாள் முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர், தண்ணீர் இறங்கியதும் விரிசல் விட்டுவிடும். ஆமையைத் தொட்டித் தண்ணீரோடே ஒரு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர் இறக்குவது. பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்கிற மாதிரி டியூபை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், கிருமி நேரே வயிற்றுக்குள். டியூபை முழுதாகத் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி நிற்கும்வரை நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வாளிக்குக் கொண்டுவந்து விரலை எடுத்தால் தானே இறங்கும். கையால் அமுக்கும் பம்ப் வைத்த டியூப் இன்னும் நல்லது, நான் அதற்கு மாறிவிட்டேன். அடியில் கிடக்கும் கழிவோடு மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதித் தண்ணீரை எடுத்தால் போதும்.

இனி ஃபில்டர் பஞ்சு. நான் தவறியது இங்கேதான். முதல் வருடம் அந்தப் பழுப்புச் சகதியைப் பார்க்கச் சகிக்காமல், குழாயடியில் பிழிந்து பிழிந்து பஞ்சு வெளுக்கும்வரை அலசினேன். அன்று தொட்டி பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் காலை தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துவிட்டது, வாடை தார்சாவைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. ஆமை மேடையை விட்டு இறங்கவே இல்லை.

அந்தப் பழுப்பில்தான் நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. ஆமைக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுவே. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிட்டது. மறுபடி பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினேன். இப்போது தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பஞ்சை முக்கி, இரண்டு மூன்று தடவை லேசாகப் பிழிந்து அப்படியே திரும்ப வைத்துவிடுகிறேன். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும்.

கல்லையும் மேடையையும் மட்டும் தனியே எடுத்து, வழவழப்பு போகத் தேய்த்த பிறகு பிளீச்சிங் பவுடர். லிட்டருக்கு 15 கிராம், பத்து நிமிடம் ஊறினால் போதும். கழிவு ஒட்டியிருக்கும்போதே போட்டால் மூச்சைத் திணறவைக்கும் வாயு கிளம்பும், அதனால்தான் முதலில் தேய்க்கச் சொல்கிறேன். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். பிறகு வாடை துளியும் இல்லாமல் அலசி, வெயிலில் காய வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அரை நாள் போதும். மரத்துண்டு பிளீச்சை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு இது வேண்டாம். ஃபினாயிலைத் தொட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது, ஊர்வனவற்றுக்கு அது நஞ்சு.

ஆமையைக் குளோரின் போன தண்ணீரில், மிருதுவான பல் பிரஷால் பாசி ஒட்டிய இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்தால் சரி. சோப்பு கூடாது. ஓடு மினுங்கத் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள், தயவுசெய்து அதுவும் வேண்டாம். ஓடு கண்ணாடிக் காகிதம் போல ஏடு ஏடாக உரிவது இயல்பு, தானே விழட்டும், பிய்க்காதீர்கள்.

எடுத்த தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றுகிறேன், புதினா கொத்தமல்லிப் பாத்திக்கு ஊற்றுவதில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டது. ஆமையோடு தொட்டியை மாடி வெயிலில் வைத்தால் பாசி போகாதா? வைக்காதீர்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் மளமளவென்று சூடாகும், ஒதுங்க நிழல் இல்லாமல் ஆமை செத்துப்போகும். காலியான தொட்டி என்றால் தாராளமாக வைக்கலாம். நட்சத்திர ஆமைக்கும் இதே முறையா என்று ஒருவர் கேட்டார். அதை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் பிடிப்பவர்களுக்குக் கண்ணாடியில் வெள்ளை உப்புக் கறை படிகிறதாம். காலித் தொட்டியில் வினிகர் நனைத்த துணியைக் கால்மணி நேரம் ஒட்டவைத்துத் துடைத்தால் வந்துவிடும். ஆனால் வினிகர் எடுக்கும் நாளில் பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறக்காதீர்கள், வினிகரும் ஆசிட்தான்.