நாரி நோவுக்குப் போனால் முதலில் ஒரு படிவம்

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கிடங்கு வேலையில் பெட்டி தூக்கி எனக்கு நாரி, அதாவது கீழ் முதுகு, பிடித்துக்கொண்டது. பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பார்ப்பார் என்று நினைத்துப் போனேன். கையில் வந்தது ஒரு படிவமும் பேனையும்.

உங்களுக்கும் வரலாம், பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 1980இல் வெளிவந்த ஆஸ்வெஸ்ட்ரி என்ற படிவத்தில் 10 பகுதி. ஒவ்வொன்றிலும் லேசானதிலிருந்து கடுமையானது வரை உள்ள ஆறு வாக்கியத்தில் உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றுக்கு அடையாளம் போட வேண்டும். 1983இல் வந்த ரோலண்ட்-மோரிஸில் 24 வாக்கியம். இன்றைக்கு உண்மையானதை மட்டும் குறிக்க வேண்டும். நோவால் உங்கள் நாள் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை எண்ணாக்கத்தான் இவ்வளவும். சில கிழமை கழித்து அதே படிவத்தைத் திரும்பத் தருவார்கள், எண் இறங்கியதா என்று பார்க்க.

எனக்கு வந்தது ஆஸ்வெஸ்ட்ரி. நான் 'சமாளிக்கலாம்' என்று நினைத்து எல்லாவற்றிலும் முதல் இரண்டு வரிக்குள்ளேயே அடையாளம் போட்டேன். பிசியோ ஓர் உடற்பயிற்சித் தாளைத் தந்து சந்தோஷமாக அனுப்பிவிட்டார். அன்று காலை எனக்குக் காலுறை மாட்டிவிட்டது மனைவி. காரிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டையை இறக்கியது மகன். அதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் செய்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் படிவம் கேட்பது அதைத்தான். ஒருவரும் இல்லாத வீட்டில் தனியாகச் செய்திருப்பேனா என்று யோசித்துக் குறியுங்கள்.

இந்தப் படிவம் நாற்காலியில் இருப்பவர்களுக்காக எழுதியது. எவ்வளவு நேரம் கதிரையில் இருக்கலாம் என்று கேட்கும். கோயிலில் சம்மணம் கட்டி இருந்துவிட்டு எழும்புவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை வாயால் சொல்லுங்கள். நடைத்தூரம் மைலிலும் யார் (கஜம்) கணக்கிலும் இருந்தால் குழம்ப வேண்டாம்: ஒரு மைல் 1.6 கிலோமீட்டர், 100 யார் சுமார் 90 மீட்டர்.

தாம்பத்தியம் பற்றியும் ஒரு பகுதி உண்டு. விருப்பமில்லை என்றால் விடலாம். ஒரு பகுதிக்கு அதிகபட்சம் 5 புள்ளி என்பதால், மொத்தம் 50க்குப் பதில் 45க்குக் கணக்குப் பார்ப்பார்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்வதற்கு இந்த ஒரு பகுதியே போதும். இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆஸ்வெஸ்ட்ரிக்கு உண்டு. அந்த இடத்திலேயே வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்வதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். முறையாகச் செய்வதென்றால் இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கி, அதை ஒன்றாக்கி, மூலத்தையே பார்க்காத வேறு இருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, எல்லாவற்றையும் ஒரு குழு ஒப்பிட்டு, கடைசியில் 30, 40 நோயாளிகளிடம் கொடுத்து விளங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

அப்படி வந்த படிவத்திலும் உங்கள் ஊர்ச் சொல் இருக்காது. நாங்கள் நாரி என்பது சென்னைக்காரருக்குப் புரியாமல் போகலாம். அவர்கள் சொல்லும் 'இடுப்பு வலி' ஆங்கிலத்தில் தொடைமூட்டு வலியாகப் போய்ச் சேர்ந்துவிடும், அதற்கு வேறு பரிசோதனை. சொல்லை நம்பாமல் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். 'கால்' என்றாலும் தொடையா, கெண்டைக்காலா, பாதமா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இதைவிட வில்லங்கமான சொல் 'விறைப்பு'. மடக்க முடியாமல் இறுகி இருப்பதும் விறைப்பு, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போவதும் விறைப்பு. இரண்டில் எது என்று கட்டாயம் தெளிவாகச் சொல்லுங்கள். மறைவிடத்தையோ ஆசனவாயையோ சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ படிவம், அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திருக்கக் கூடாது. 999ஐ அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.