கெமிக்கல் பீல்: முகம் கெடுவது எந்தத் தவறுகளால்?

கெமிக்கல் பீல் என்றதும் ஃபேஷியலைவிடக் கொஞ்சம் வலுவான ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முகத்தில் எதையோ தடவுவார்கள், கருமை உரிந்து போகும், உள்ளிருந்து புது முகம் வரும். முதல் தவறு இந்த நினைப்புதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைவிடுபவை. பீல் என்பது அளந்து செய்யும் ஒரு காயம். தோலின் மேலடுக்குச் செல்களை ஒட்டவைத்திருக்கும் பிடிப்பை ஆசிட் தளர்த்துகிறது. வலுவானதாக இருந்தால் செல்களின் புரதத்தையே உறையவைத்து அவற்றைச் சாகடிக்கிறது. அந்தக் காயத்தை ஆற்றுவதற்காக அடியிலிருந்து புதுச் செல்கள் மேலே வருகின்றன. நாம் எதிர்பார்க்கும் பொலிவு உருவாவது அந்த ஆறும் நாட்களில். அதனால் காயம் எவ்வளவு ஆழம், அது எப்படி ஆறுகிறது என்ற இரண்டையும் கவனிக்காத எவருக்கும் பீல் நல்லது செய்யாது.

ஆழம் என்றதும் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். அது மட்டும் போதாது. 30 சதவீத சாலிசிலிக் ஆசிட்டும் 30 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் ஆசிட்டும் (டிசிஏ என்பார்கள்) ஒன்றல்ல; முன்னது மேலடுக்கோடு நிற்பது, பின்னது அதைத் தாண்டி இறங்கக்கூடியது. ஒரே ஆசிட்டாக இருந்தாலும் அதன் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு), எத்தனை முறை மேல் மேலாகப் பூசினார்கள், தோலை முன்பே எப்படித் துடைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஆழம் மாறும். கிளைகாலிக் ஆசிட்டின் மூலக்கூறு சிறியது, சட்டென்று உள்ளே போகும். மாண்டலிக் ஆசிட்டின் மூலக்கூறு பெரியது, மெதுவாகவே இறங்கும். சட்டென்று எரிச்சல் காணும் தோலுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

சாலிசிலிக் பீல் பூசிய சில நிமிடங்களில் முகத்தில் வெள்ளைப் பொடியாகப் படிந்து, தானாகவே வேகம் குறைந்துவிடும். கிளைகாலிக் அப்படி நிற்காது. நேரம் பார்த்து, சோடியம் பைகார்பனேட் போன்ற காரக் கரைசலாலோ நிறையத் தண்ணீராலோ அதை நிறுத்தியாக வேண்டும். ஒரே முகத்தில்கூட மூக்கோரமும் வாயோரமும் கன்னத்தைவிட முன்னதாகச் சிவக்கும். எங்கே முதலில் நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டே நிற்கும் ஒரு பழகிய கண் அதற்கு வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று, இன்னும் ஒரு நிமிடம் வைத்தால் நன்றாக வேலை செய்யும் என்று தாங்கிக்கொள்பவர்களுக்குத் தீப்புண் வருவது இப்படித்தான். வலுவான பீல்களை இணையத்தில் வாங்கி மருத்துவ மேற்பார்வை இல்லாமல் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. அது மிகவும் தேவையான எச்சரிக்கை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது, மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது. கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிடக் கூடாது. இரவில் ரெட்டினால், ட்ரெட்டினாயின் போன்ற வைட்டமின் ஏ வகை கிரீம் பூசுபவரின் மேலடுக்கு ஏற்கெனவே மெலிந்திருக்கும். நிறுத்தாமல் வந்தால் மென்மையான பீல்கூட ஆழமாக இறங்கும். முந்தைய சில நாட்களுக்குள் வாக்ஸிங், த்ரெடிங், பிளீச் செய்திருந்தாலும் அதே கதை. ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்குச் சாலிசிலிக் ஆகாது. உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருகிறவர் அதை அவசியம் சொல்ல வேண்டும்: அந்த ஹெர்பிஸ் வைரஸ் பீலுக்குப் பிறகு முகம் முழுக்கப் பரவித் தழும்பாக்கிவிடலாம். சொன்னால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடுவார்கள். கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுவது, காயம் பட்டால் மேடான தழும்பு வருவது ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். மேலோட்டமான பீல்களுக்கு அந்த விதி இப்போது தளர்ந்திருக்கிறது, ஆனாலும் முடிவு மருத்துவருடையது.

நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கருநிறத்தவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தோல் வெயிலை எப்படித் தாங்குகிறது என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் தொடங்கிவைத்த வகைப்பாட்டில் இன்று ஆறு தோல் வகைகள் இருக்கின்றன. நமது தோல் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வரை வரும். இந்தத் தோலில் மெலனின் என்ற நிறமியை உருவாக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. எரிச்சல் கொஞ்சம் மிஞ்சினாலும் நிறமியைக் கொட்டிவிடும். காயம் ஆறிய இடத்தில் வரும் அந்தக் கருமை மறைய மாதக்கணக்கில் ஆகலாம். கருமையைப் போக்க வந்தவர் அதிகக் கருமையோடு திரும்புவது இதனால்தான். "ஒரே தடவையில் முடியும்படி கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடுங்க" என்று கேட்பது இந்தத் தோலுக்குச் செய்யும் பெரிய கெடுதல். மேலோட்டமான பீலை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பல தடவை செய்வதே இங்கே பாதுகாப்பான வழி. பல மருத்துவர்கள் அதற்கு முன் சில வாரங்கள் கிரீம் கொடுத்துத் தோலைத் தயார்படுத்துவார்கள். அந்த வாரங்களை வீண் என்று நினைத்துத் தாவ வேண்டாம். ஃபீனால் போட்டுச் செய்யும் ஆழமான பீல் தனி ரகம். ஃபீனால் ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே குழப்பக்கூடும் என்பதால், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் அதைச் செய்வார்கள்.

எதைச் சரிசெய்ய வந்தோம் என்பதிலும் தெளிவு வேண்டும். பருவின் கருந்தடம், மங்கலான நிறம், சொரசொரப்பு, மெல்லிய கோடுகள் ஆகியவற்றுக்கு மேலோட்டமான பீல் கைகொடுக்கும். ஊசி குத்தியது போன்ற ஆழமான பருக்குழிகளை அது நிரப்பாது. தொங்கும் தோலை இறுக்காது. மங்கு (மெலாஸ்மா என்னும் முகக் கருந்திட்டு) வெளுக்கும், வெயில் பட்டால் திரும்பவும் வரும்.

பீலுக்குப் பிறகு தோல் உரியவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்களும் உண்டு. மென்மையான பீலில் கண்ணுக்குத் தெரிந்து உரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரியும்போது பிய்ப்பதுதான் ஆபத்து. தொங்குகிற ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கை துடிக்கும், தெரியும். ஆனால் அந்தத் தோல் தன் அடியில் புதுத்தோல் தயாராகும் வரை மூடிக் காக்கும் கட்டு. ஓரத்தில் தளர்ந்திருந்தாலும் நடுவில் இன்னும் பிடித்திருக்கும். இழுத்தால் பச்சைப் புண். புண் இருந்த இடத்தில் கருமை. தொந்தரவாகத் தொங்குவதைச் சிறு கத்தரியால் நறுக்கலாம். மற்றதற்கு மணமில்லாத மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். ஸ்க்ரப், வைட்டமின் சி சீரம், ரெட்டினால் எதுவும் தோல் முழுதாக ஆறும் வரை வேண்டாம். முதல் ஓரிரு நாள் வியர்க்க வியர்க்க உடற்பயிற்சியும் வேண்டாம், எரியும்.

வெயிலைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், தொப்பியும் வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறமியைத் தூண்டும் என்பதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் மேலானது. வெயிலைத் தவிர்க்க முடியாத பயணமோ வெளிவேலையோ வருகிறதென்றால் பீலைத் தள்ளிப்போடுங்கள். முதல் பீலைக் கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில் செய்துகொள்வதும் வேண்டாம். மேலோட்டமான பீல் ஆறச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் ஆகும், நடுத்தர ஆழம் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம். உங்கள் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்பது முதல் தடவை யாருக்கும் தெரியாது.

லேசான சிவப்பும் இறுக்கமும் இயல்பு. வலி நாளுக்கு நாள் கூடினால், நீர்க்கொப்புளம் வந்தால், மஞ்சள் பொருக்கோ சீழோ தெரிந்தால், கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழுந்தால், காய்ச்சல் வந்தால், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பீல் செய்த மருத்துவரைக் கூப்பிடுங்கள்.